அளத்து உப்பு

எங்கள் வீட்டில் பாக்கெட் உப்பை ஒழித்தது நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை. கப்பலேறும் கன்டெய்னர்களுக்குப் பூச்சி வராமல் புகைமருந்து அடித்ததற்கான சான்றிதழ்கள் தினமும் என் மேசைக்கு வரும். பார்த்துப் பார்த்தே எனக்குச் சாப்பாட்டின் மேல் பயம் பிடித்துக்கொண்டது. ஒரே மகள், அப்போது எட்டாம் வகுப்பு. அவள் வயிற்றுக்குள் எந்த மருந்தும் போகக் கூடாது என்று முடிவு கட்டினேன். சீனி போய்க் கருப்பட்டி வந்தது. ஆழ்வார்திருநகரிப் பக்கம் உரம் போடாமல் விளைவிக்கும் ஒருவரிடமிருந்து அரிசி வந்தது. பாக்கெட் பால் நின்றது. ஐஸில் ஏதோ கலக்கிறார்கள் என்று போனில் வந்த வீடியோவை நம்பி மீனையும் நிறுத்தினேன்.

"தூத்துக்குடியில குடியிருந்துக்கிட்டு மீன் வேண்டாங்கியளே, கேட்டவங்க சிரிப்பாங்க" என்றாள் மனைவி. சிரிக்கட்டும் என்றேன்.

கடைசியாக உப்பு. மனைவியின் தம்பி உப்பளத்தில் வேலை பார்க்கிறான். பாத்தியில் வாரிய உப்பை அப்படியே ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னேன். அவன் தயங்கினான்.

"எங்க வீட்லயே பாக்கெட் உப்புதான் அத்தான். அயோடின் ஒடம்புக்கு வேணும்னு சொல்லுதாங்க."

"அதுவும் கெமிக்கல்தாம்லே" என்று அவன் வாயை அடைத்தேன். உப்பு விளையும் ஊர்க்காரனுக்கு உப்பைப் பற்றி எவன் சொல்லித்தர வேண்டும் என்கிற திமிர். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கும் டப்பா நிறையக் கொடுத்து, கூடவே ஒரு பிரசங்கமும் செய்வேன்.

இரண்டு வருடம் போனது. மகளுக்கு முகம் லேசாக உப்பியது. நல்ல சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று மனைவியிடம் பெருமையடித்தேன். எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று மகள் சொன்னபோது, போனைக் கீழே வை, எல்லாம் சரியாகும் என்று ஏசினேன். பள்ளிக்கூடச் சட்டையின் மேல் பொத்தான் கழுத்தில் பூட்டவில்லை என்பதை மனைவிதான் கவனித்தாள். தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டு, "வீட்ல என்ன உப்பு?" என்றார். சொன்னேன். "மீன்?" சொன்னேன். "பால்?" அதற்கு மனைவி பதில் சொன்னாள்.

தைராய்டு வீங்கியிருக்கிறது, அயோடின் பற்றாதது காரணமாக இருக்கலாம், மாத்திரை தருகிறேன், உப்பை இன்றைக்கே மாற்றுங்கள் என்றார். குரலை உயர்த்தவேயில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் டப்பாவோடு நிற்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி.

"உப்பு தீந்துட்டு அண்ணாச்சி."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாக்கு காலிம்மா. மச்சினன் இனிமே கொண்டுவர மாட்டான்" என்றேன்.

"அளத்துல வேற யாரும் தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க. வயித்துப் பிள்ளைக்கு நல்லதுன்னு நீங்க சொன்னதுலருந்து நான் வேற உப்பத் தொடுததே இல்ல."

"விசாரிச்சுச் சொல்லுதேன்."

மாத்திரைக் கவரைப் பிடித்தபடி பின்னால் நின்ற மகள் என்னைத் தாண்டிப் போனாள்.

"அக்கா, அந்த உப்பு வேண்டாம். கடையில அயோடின் உப்பு வாங்குங்க. இவ்வளவு நாளா இதத்தான் சாப்ட்டேன்னு ஒங்க டாக்டர்ட்டயும் சொல்லிருங்க." சட்டைக் காலரை விலக்கிக் காட்டினாள். "இங்க பாருங்க."

அந்தப் பெண் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது.

உப்பைக் கொடுத்தது அறியாமல் செய்த தப்பு என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியும். வாசலில் நின்று நான் சொன்ன பொய்யை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.