நூறு கிலோ தாங்கும் முழங்கால் பட்டி

எங்கள் பக்கத்தில் ஓர் ஆணுக்கு வயதாகிவிட்டதா என்று அறிய அவன் தலைமுடியைப் பார்க்க வேண்டியதில்லை. செத்த வீட்டில் அவனுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். தெம்பு உள்ளவன் பெட்டி தூக்குவான். தெம்பு போனவன் கையில் மலர்வளையத்தைக் கொடுப்பார்கள். அதையும் பிடிக்க முடியாதவன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து பிளேன்டீயில் சீனி காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருப்பான். நான் பெட்டி தூக்குகிற ஆள். அதுவும் முன்னால், இடது பக்கம்.

முன்னால் நிற்பது என் பெருமைக்காகக் கிடைத்த இடமில்லை. நான் குள்ளம். மாத்தளையில் நான் போன மயானமெல்லாம் ஏற்றத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் பின்னால் வருகிறவர்கள் தாழ்வாக வருவார்கள். ஆகவே உயரமானவர்களைப் பின்னால் விட்டு, என்னைப் போன்றவர்களை முன்னால் விட்டால்தான் பெட்டி மட்டமாக இருக்கும். மாற்றி விட்டால் உள்ளே இருப்பவர் தலைப்பக்கம் சறுக்கிக்கொண்டு போய்விடுவார். என் உயரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

அந்தப் பதவிக்குத்தான் ஆபத்து வந்தது. பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவரைக் கொண்டுபோனபோது, மயானத்துச் சீமெந்துப் படியில் என் வலது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. பின்னால் நின்ற என் கூட்டாளி ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் என் சட்டைக் கொலரையும் பிடித்துக்கொண்டான். ஆசிரியர் விழவில்லை. என் மானம் விழுந்தது. அடுத்து வந்த செத்த வீட்டில், மிக மரியாதையாக, என் கையில் ஒரு மலர்வளையத்தைத் திணித்தார்கள்.

கூட்டாளி என்று சொன்னேனே, அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அலுவிகாரையில் பேக்கரி வைத்திருந்தான். தான் சுட்ட பணிஸைத் தானே முதலில் தின்று பார்ப்பதுதான் நேர்மை என்று நம்புகிறவன். அந்த நேர்மை அவன் வயிற்றில் தெரியும். நூறு கிலோ என்று அவனே சொல்லுவான். தராசு அதற்கு மேலே சொல்லும். அவன் கத்தோலிக்கன், நான் மாரியம்மன் கோயில் ஆள். பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். மனைவியை இழந்தவன். ஒரே மகள் இத்தாலியில்.

நான் வளையம் பிடித்து நடந்த அன்று, அவன் என் பக்கத்தில் வந்து கோபமாகச் சொன்னான்.

"இங்க பாரு மச்சான். இவங்க பெட்டிக்கு நீ பூ தூக்கு, நெருப்பு தூக்கு, எனக்குக் கவலை இல்ல. என் பெட்டிய நீதான் முன்னால நின்னு தூக்கணும். அவளுக்கும் நீதானே தூக்கின. வளையத்தோட வந்தியோ, மூடியத் தள்ளிட்டு வந்து அறைவேன்."

"நீ இருக்குற இருப்புக்கு கிரேன்தான் கொண்டு வரணும்."

"கிரேன் படியில ஏறாது. முழங்காலப் பாரு மொதல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மனைவியைக் கொண்டுபோன நாளில் அவன் என் தோளை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தான் என்று பின்பொருநாள் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில் வேறு யாரோ ஒருவன் நிற்பதை அவன் மனம் ஏற்காது. என் மனமும் ஏற்காது. ஆகவே முழங்காலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று இறங்கினேன்.

முழங்கால் கெட்ட கதை சின்னது. எனக்கு மிளகு, கராம்பு வாங்கி விற்கிற கடை. சாக்கை நிரப்பி, வாயைத் தைப்பதற்கு முன் முழங்காலால் அமுக்கி அமுக்கி இறுக்குவோம். வலது கால்தான் எனக்குக் கைவாக்கு. ஊரார் வாய்க்கு ருசி கொடுத்த கால் கடைசியில் தன் எஜமானனை நட்டாற்றில் விட்டுவிட்டது.

முதலில் டவுனில் நடைபாதைக் கடையில் தொங்கிய எலாஸ்டிக் பட்டி ஒன்றை வாங்கினேன். தோல் நிறம் என்றான். யார் தோல் என்று சொல்லவில்லை. இறுக்கமாக இருந்தால்தான் பிடிக்கும் என்று நானே தீர்மானித்துச் சின்ன அளவாக எடுத்தேன். மத்தியானத்துக்குள் அது சுருண்டு முழங்காலுக்குப் பின்னால் கயிறு போல ஆகி, கீழ்க்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. என் மனைவி அதைக் கழற்றுவதற்குக் கத்தரிக்கோல் தேடினாள்.

"சாக்குக்கு வாய் கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க. உள்ள என்னா, மிளகு இருக்கா?" என்றாள்.

அடுத்தது மைத்துனன் டோகாவிலிருந்து கொண்டுவந்தது. முழங்கால் சிரட்டைக்குக் கீழே கட்டுகிற ஒரு விரற்கட்டை அகலப் பட்டி. அது வந்த அட்டைப்பெட்டிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரன் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தான். அதைக் கட்டிக்கொண்டு நான் கடையிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன். வலி அப்படியே இருந்தது, ஓட வேண்டும் என்ற ஆசையும் வரவில்லை. மூன்றாவதைக் கைப்பேசியில் விளம்பரம் பார்த்து வரவழைத்தோம். காந்தம் வைத்தது, இரத்தத்தை இழுக்கும் என்றார்கள். அது கடையிலிருந்த சாக்கு ஊசியை இழுத்தது. அந்த ஒரு பயன் உண்டு, ஊசி தொலைந்தால் இன்றைக்கும் அதை வைத்துத்தான் தேடுகிறோம்.

இதையெல்லாம் பார்த்துச் சலித்துப்போன மச்சான், ஒரு நாள் த்ரீவீலில் இரும்புச் சாமான் ஒன்றோடு வந்து இறங்கினான். இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் கதவுப் பிணைச்சல் போல ஒன்று. விபத்தில் கால் முறிந்த யாரோ குணமான பிறகு கொடுத்ததாம்.

"இதுதான் சாமான். கேட்டுக்குப் போடுற பிணைச்சல். நான் என்ன, யானையே ஏறி நின்னாலும் தாங்கும்."

போட்டு நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் கிறீச் கிறீச் என்றது. இடுப்பில் கட்டிய சாரத்தை மீறித் துருத்திக்கொண்டு நின்றது. கடைக்கு வந்த ஒருவர் எந்த பஸ் மோதியது என்று விசாரித்தார். மச்சானுக்கு மட்டும் அது மிகவும் பிடித்திருந்தது. மனைவி அவனிடம், "அண்ணே, நீங்க சாகுறதுக்கு முந்தி இவர் செத்துருவாரு. ஒழுங்கா யாருகிட்டயாவது காட்டுங்க" என்று சொன்ன பிறகுதான் கிளினிக்குக்குப் போனோம். அவனும் கூட வந்தான். வாங்கப்போவது அவனுக்கான சாமான் போலத்தான் அவன் நடந்துகொண்டான்.

அங்கே கை கால் பயிற்சி கொடுக்கிற பிள்ளைக்கு ஊர் ரத்தோட்டைப் பக்கம். என் காலை மடக்கி நீட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துவிட்டு விசாரித்தாள்.

"என்னா வேலை செய்றீங்க அங்கிள்?"

"மிளகுக் கடை."

"பாரம் தூக்குவீங்களா?"

நான் மச்சானைப் பார்த்தேன். "இப்ப இல்ல. ஒரு பாரம் தூக்க வேண்டியிருக்கு."

"எவ்வளவு இருக்கும்?"

"நூறு கிலோ."

"பெட்டியோட சேர்த்தா இன்னும் கூட," என்றான் மச்சான். "ஆனா ஆறு பேரு."

"தெனமும் தூக்கணுமா?"

"இல்ல பிள்ளை. ஒரே ஒருதரம்."

"எப்ப?"

"அது இன்னும் முடிவாகல்ல," என்றான் அவன்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "என்னா சாமான் அது?"

"நான்தான்," என்றான் மச்சான்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் அளவு நாடாவை எடுத்தாள். என்னை நிற்கவைத்து, சிரட்டைக்கு மேலேயும் கீழேயும் சுற்றி அளந்தாள். பிறகு, பட்டி வாங்குவதற்கு முன் கால் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும் என்றாள். கம்பி வைத்தது, முழங்கால் பக்கவாட்டில் ஆடி நழுவுகிறவர்களுக்கு. மெல்லிய பட்டி, ஓடிக் குதித்துச் சிரட்டைக்குக் கீழே வலி வாங்கியவர்களுக்கு. எனக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது, ஆனால் ஆடவில்லை. காலைச் சுற்றி ஒரே சீராகப் பிடிக்கிற, அளவான துணி உறை போதும். இறுக்கிப்பிடித்து மரத்துப்போனால் அது தப்பான அளவு. படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

"ஆனா அன்னைக்கு கால் மடங்கினது மூட்டால மட்டும் இல்ல அங்கிள். தொடையில பெலன் இல்ல. பட்டி அந்த வேலைய செய்யாது. அதுக்கு நீங்கதான் செய்யணும்," என்று உட்கார்ந்து எழும்புகிற பயிற்சியும் கால் தூக்குகிற பயிற்சியும் காட்டினாள். "அதோட, அந்தப் பாரத்த வேற யாரையாவது தூக்கச் சொல்லுங்களேன்."

"அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்," என்றான் மச்சான்.

பாமசியில் அந்தக் கறுப்புத் துணி உறையைக் கையில் எடுத்துப் பார்த்தவன் முகம் சுருங்கிவிட்டது. "சப்பாத்துக்குள்ள போடுற மேஸ் மாதிரி இருக்கு. இதா என்னத் தூக்கப் போவுது?" என்று கடைக்காரரிடம் கேட்டான்.

ஆனாலும் பயிற்சிக்கு அவன்தான் மேற்பார்வை. கடையில் மிளகுச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்து நான் காலைத் தூக்க, அவன் எதிரே உட்கார்ந்து பணிஸ் தின்றபடி, இன்னும் கொஞ்சம் தூக்கு என்பான். சில வாரங்களில் வலி குறைந்தது. பின்னேரங்களில் மயானத்துப் படிக்குப் போய் ஏறிப் பார்க்கத் தொடங்கினோம். இடம் பழகட்டும் என்று அவன் சொல்வான். பாசி பிடித்த படிகள். பாதியில் ஓர் அகலமான படி உண்டு. அங்கே அவன் உட்கார்ந்து மூச்சு வாங்குவான், நான் உச்சிவரை போய்விட்டு வந்து அவனைக் கிண்டல் செய்வேன். என் கால் தேறிக்கொண்டே வந்தது. அவன் அந்தப் படியில் உட்காரும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. எனக்கிருந்த சந்தோஷத்தில் முதலாவதுதான் கண்ணில் பட்டது.

கொஞ்சம் மெலிந்தும் இருந்தான். "என்னா, எனக்காகப் பாரத்தக் கொறைக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. இனாமா இன்னும் கொறையும் போல," என்றான். அந்தப் படியில் உட்கார்ந்தே சொன்னான். ஈரலில் கட்டி. கண்டியில் பெரிய டொக்டரிடம் காட்டியாயிற்று. வெட்டவும் ஏலாதாம்.

நான் அவனை ஏசினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு, பணிஸுக்கு, வயிற்றுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசினேன். பயமாக இருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, மேல போய்ட்டு வா. இன்னைக்கு நீ இன்னும் ஏறல்ல," என்றான். ஏறினேன். கீழே பார்க்காமல் ஏறினேன்.

அதன் பிறகு பேக்கரிக்குப் பக்கத்திலிருந்த அவன் வீட்டில், கட்டிலில்தான் அவனைப் பார்க்க முடிந்தது. போகும்போதெல்லாம் சாரத்தை உயர்த்திக் காட்டச் சொல்வான். பட்டி இருக்கிறதா என்று பார்ப்பான். பாதர் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போன அன்று, "அவரு மேல பாத்துக்குவாரு. நீ கீழ பாத்துக்க," என்றான்.

மகள் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தாள். செத்த வீட்டுக்கு அடையாளமாக வீதியோரம் வெள்ளைக் கொடி கட்டினார்கள். மயானத்தடியில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது, யாரோ வழக்கப்படி, மிக மரியாதையாக, என் கையில் வளையத்தைக் கொடுத்தார்கள். மகள் வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"மாமா முன்னால, எடது பக்கம். அப்பா சொன்னாங்க."

பட்டியைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன். கிளினிக் பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி தொடையை இறுக்கி, நூறு கிலோவுக்குத் தயாராகித் தூக்கினேன். நிறைகுடம் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கினால் கை துள்ளுமே, அப்படி ஆயிற்று. பலகையின் பாரம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்கு வந்தது கோபம். இத்தனை மாதம் கால் தூக்கி, பட்டி தேடி, இதற்கா என்று அவனைப் பெட்டியோடு உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

ஏறினோம். கால் ஒரு படியிலும் தடுமாறவில்லை. இந்த வேகத்தில் போனால் சீக்கிரமே உச்சிக்குப் போய்விடுவோம் என்று தெரிந்தது. அவன் உட்காரும் அகலப் படி வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க," என்றேன். "எனக்குக் கால் வலிக்குது."

ஊரே கேட்டது. பின்னால் யாரோ, இவருக்கு வளையத்தையே கொடுத்திருக்கலாம் என்று முணுமுணுத்தார்கள். நான் திரும்பவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, அவன் வழக்கமாக மூச்சு வாங்கி முடிக்கிற நேரம் வரைக்கும் நின்றேன். முழங்கால் வலிக்கவே இல்லை.