எங்கள் சாமியார் ஆடிய கடைசி ஆட்டம்

தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே எங்கள் கடற்கரைக்குப் பங்குச்சாமியாராக வந்த பிரெஞ்சுக்காரருக்கு, பிழிந்து போட்ட துணிபோல் இரண்டு காதுகளும் கசங்கிக் கிடக்கும். வாலிபத்தில் அவர் தம் நாட்டுக்காக முட்டை வடிவப் பந்தில் விளையாடியவராம். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்க்கவேண்டுமாம்; காது கசங்கியது அதில்தானாம். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னது என் அப்பா. அவர் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார். சாமியார் ஒன்று சொன்னால் ஊருக்கு அது ஒன்பதாகப் போய்ச் சேரும்.

கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கப்போன எதிராளி ஒருவனைச் சாய்த்ததாகவும், அதற்குப்பின் விளையாடவில்லை என்றும் மட்டுமே சாமியார் சொல்லியிருந்தார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு ஏது? ஒற்றை ஆளாக நின்று பிரான்சின் மானத்தைக் காப்பாற்றியவர் நம் சாமியார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். எனக்கானால் கர்வம் தாங்கவில்லை.

கோயில் பெருநாளன்று ஊர் ஆண்கள் சாமியாருக்கு மாலை போட்டு, அந்தப் பிடியைக் காட்டியே தீரவேண்டும் என்று நின்றார்கள். வேண்டாம் வேண்டாம் என்றார், யார் விட்டார்கள்? என் தாய்மாமா மட்டை உரிக்காத தேங்காயொன்றை இடுக்கிக்கொண்டு மணலில் அவரை நோக்கி ஓடினார். சாமியார் சட்டென்று விலகிவிட்டார். மாமா தடுமாறித் தலைகுப்புற விழுந்தார். விழுந்தவர் வேடிக்கைக்கு அசையாமல் கிடந்தார்.

சாமியார் மண்டியிட்டு மாமாவின் கழுத்தைத் தடவித் தடவி, "எழும்பு மக்கா, எழும்பு" என்று கதறினார். மாமா சிரித்துக்கொண்டே எழுந்த பிறகும் சாமியார் பிடித்த கையை விடவில்லை. கூட்டத்தின் சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

சாமியாரை அறையில் கொண்டுவிட்டு வீட்டுக்கு வந்த அப்பா, சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டிருந்தார்.

"அவரு சாய்ச்ச பய எழும்பவே இல்லியாம்," என்றார் அம்மாவிடம். "கழுத்து முறிஞ்சு அங்கயே செத்துட்டானாம். அதுக்குப் பொறவுதான் சாமியாராப் போனாராம். அதுக்குப்போய் மாலை போட வச்சேனே, பாவி நான்."

"வாய வச்சிட்டுச் சும்மா இருந்தியளா?" என்றாள் அம்மா.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிஞ்சியது. மறுநாள் காலையில் சாமியாரிடம் போய் நின்றேன்.

"பின்னே, அன்னிக்கு ஜெயிச்சது ஆரு சாமி? நீங்களா, அவியளா?"



"நாங்கதான் பிள்ளே," என்றார்.

நம் சாமியார்தான் ஜெயித்தாராம், அப்பா சொன்னது பொய்யில்லை என்று கடற்கரை முழுக்கக் கூவிக்கொண்டு ஓடினேன்.