என் அறைக்கும் மருமகள் அறைக்கும் ஒரே காற்று

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது மூன்று. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் நன்றாகவே இருக்கின்றன. அதில் என் கைக்குப் பங்கு உண்டு என்று யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துபோனது. அதனால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெரியவன் சோமனூரில் தறி ஓட்டுகிறான். கோயமுத்தூரில் வீடு கட்டியபோது சென்ட்ரல் ஏசி வைத்தான். மெஷின் மொட்டை மாடியில் இருக்கிறது. அங்கிருந்து பெரிய தகரக் குழாய் மேல்கூரைக்குள் ஓடி, அறை அறையாகக் குளிர்காற்றைக் கொண்டுபோகிறது. அதை டக்ட் என்கிறார்கள். அறைக்குள் தெரிவது சுவரில் ஒரு கிரில் மட்டும்தான். வீடு பார்க்க வருகிறவர்களை நானே கூட்டிப்போய்க் காட்டுவேன். "எங்கூட்டுல காத்து குழாயில வருதுங்க" என்பேன்.

மருமகளும் நானும் சண்டை போட்டதே கிடையாது. சாப்பிட்டீங்களா அத்தை என்பாள், ஆச்சு கண்ணு என்பேன். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையினாலேயே இது வேண்டும், அது பிடிக்கவில்லை என்று நேருக்கு நேர் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வராது. மனதில் உள்ளதை உடுமலையில் இருக்கும் என் தங்கச்சிக்கு மத்தியானம் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகத்தான் சொல்வேன். ஆனால் நான் ஆயுசு முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவள். அதே நேரத்தில் மருமகள் பக்கத்து அறையில் உட்கார்ந்து கம்பெனிக் கணக்குப் பார்ப்பாள்.

கொள்ளுப் பருப்பைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாச்சு என்று ஒரு நாள் தங்கச்சியிடம் சொன்னேன். மறுநாள் இலையில் கொள்ளுப் பருப்பு இருந்தது. போர்வை மெல்லிசாக இருக்கிறது என்றேன். சாயங்காலமே கட்டிலில் கனமான கம்பளி கிடந்தது. மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டால்கூட இத்தனை சீக்கிரம் நடந்ததில்லை. தங்கச்சிக்குத்தான் சந்தேகம் வந்தது.

"அக்கா, உனக்குப் புடிக்காதது எதையாச்சும் கேட்டுப்போட்டுப் பாரு. அதும் வந்துச்சுன்னா சாமி இல்லை, உன்ற மருமவதான்."

எனக்குப் பாகற்காய் ஆகாது. பாகற்காய்ப் பொரியல் இல்லாமல் சோறே இறங்கவில்லை என்று கிரில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் வந்தது. அதுவும் நிறைய வந்தது. நின்று பரிமாறினாள். தின்றேன்.

அதன் பிறகு அவள் காப்பியைக் குறை சொல்லி நான் முன்பு தங்கச்சியிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மருமகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சில நாளில் கிரில் வழியே அந்தப் பக்கத்துப் பேச்சும் எனக்குக் கேட்டது. வாய்க்குள்ளேயே பேசுகிற பெண், அன்றைக்கு அவள் அம்மாவிடம் போனில் கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"எங்கத்தை பீரோக்குள்ள மைசூர்பாகு வெச்சுத் திங்கறாங்கம்மா. சக்கரை ஏறிப்போச்சுன்னா என்ன பண்றது? நான் போயி எப்படிச் சொல்றது?"

டப்பாவை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். பாதியைத்தான்.

இப்படியே எங்கள் குடித்தனம் ஓடியது. நான் தங்கச்சியிடம் சொல்வேன், அவள் அம்மாவிடம் சொல்வாள். முன்னைக்கு வீடு எவ்வளவோ நன்றாக இருந்தது.

அந்தச் சித்திரையில் என் அறை வெந்தது. மகனிடம் நான் முனகிக்கொண்டே இருந்ததால் ஏசிக்காரரைக் கூட்டி வந்தான். அவர் மெல்லிசான காகிதத் துண்டு ஒன்றைக் கிரில்லுக்கு நேராகப் பிடித்தார். கதவு சாத்தியிருந்தபோது அது சும்மா தொங்கியது. திறந்ததும் படபடவென்று ஆடியது. உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லை, அதனால்தான் புதுக்காற்று வர மாட்டேன் என்கிறது என்றார். கதவின் அடியில் கொஞ்சம் இழைத்துவிட்டால் காற்று சுற்றி வருமாம். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு அறைக்கும் ஒரே டக்ட் பிரிந்து போகிறது, அம்மா அறைக்கெனத் தனி டக்ட் போட்டு உள்ளே பஞ்சுப் பட்டையும் ஒட்டிவிடுகிறேன் என்றார்.

"அப்புறம் பக்கத்து ரூம்ல பேசறது ஒரு சொட்டுக்கூடக் கேக்காதுங்கம்மா."

மருமகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் குழாய் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு மறுபடியும் வாய் கிடையாது. அவளுக்கும் கிடையாது.

"தனிக் கொழாயெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு இந்தக் காத்தே போதும்" என்றேன்.

மகன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங்கம்மா, நேத்து வரைக்கும் வேகுதுன்னு சொன்னீங்க?"

நான் பதில் தேடுவதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள். "காத்து சாஸ்தியாப் பட்டா அத்தைக்கு முட்டி வலிக்குமுங்க. கதவ மட்டும் இழைச்சாப் போதும்."

என் முட்டியில் ஒரு வலியும் இல்லை. ஆமாம் கண்ணு என்று முட்டியைத் தடவிக்கொண்டேன்.

கதவை இழைத்தார்கள். இப்போது காகிதம் நன்றாகவே ஆடுகிறது. சாயங்காலம் காப்பி வந்தது, கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக. சரியாக இருக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

ஒரே ஒரு சங்கடம்தான் பாக்கி. நான் ஆசைப்பட்டுக் கேட்டேன் என்று வாரம் தவறாமல் பாகற்காய் செய்துபோடுகிறாள். ஒரு தடவை கேட்டதை எப்படித் திருப்பி வாங்குவது? தங்கச்சியிடம் சொல்லலாம் என்றால், சோதித்துப் பார்த்தேன் என்பது தெரிந்துவிடுமே. அதுதான் இத்தனையையும் எழுதினேன். எழுதினால் மரியாதை கெடாது.

பேத்தி காலேஜ் விட்டு வந்துவிட்டாள். அவள் அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். இங்கே வா கண்ணு, இந்த ஆத்தா எழுதினதைக் கொஞ்சம் படித்துக் காட்டு. அங்கே இல்லை, கிரில்லுக்கு நேராக நின்று சத்தமாகப் படி. காப்பி வரும் இடத்தை நன்றாக நிறுத்திப் படி. பாகற்காயை மட்டும் இரண்டு தடவை.