என் வலது கட்டைவிரல்

"காகா, இப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டு சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். புனேவில் வயதில் மூத்தவரைச் சித்தப்பா என்கிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்காக மேஜைமேல் ஒரு ரப்பர் வயிறு வைத்திருந்தார்கள். அதில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் மூடியைக் கழற்றியிருந்தேன். அடுத்து மருந்துநீர்ப் பையின் குழாயை அதில் பொருத்த வேண்டும்.

"குழாய் முனையைக் கட்டைவிரலால வழிச்சு விட்டீங்க. இது உங்க வீட்டம்மா வயிறா இருந்தா கிருமி உள்ளே போயிருக்கும். புரிஞ்சதா?" அவர் இந்தியில் கேட்டார்.

"ஹோ, ஹோ" என்று மராத்தியில் தலையாட்டினேன். புனேவுக்கு வந்த நாளிலிருந்து, யார் எது கேட்டாலும் எனக்கு வாயில் முதலில் வருவது அதுதான். சரி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியிருக்காது. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் வழித்தேன்.

என் மனைவிக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யப் படுக்க வைத்தால் பாதியிலேயே பிரஷர் இறங்கி நினைவு தப்பிவிடும். அதனால் டாக்டர் வேறு முறைக்கு மாற்றினார். வயிற்றில் வைத்த குழாய் வழியே வீட்டிலேயே தினம் நாலு வேளை மருந்துநீரை உள்ளே விட்டு, பழையதை வெளியே எடுக்க வேண்டும். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தேறினால் வீடு, தேறாவிட்டால் திரும்பவும் மெஷின்.

"வாரக் கடைசியில டாக்டர் கேட்பார், காகா. நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் சிஸ்டர்.

ஏரவாடாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மனைவி கேட்டாள்: "இன்னா சொன்னாங்க?"

"நல்லா வருதுன்னாங்க."

"உங்க குரலு அப்படிச் சொல்லலியே" என்றாள்.

நான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் படித்ததுதான். ஸ்ப்ரே கன்னின் மூக்கில் ஒரு சொட்டு தொங்கினால் அது கார் கதவில் போய்த் தெறித்துக் கறையாகிவிடும். அதனால் விசையை அழுத்துவதற்கு முன் கட்டைவிரலால் மூக்கை ஒரு வழி வழிப்பேன். இப்போது கை என்னைக் கேட்காமலே அதைச் செய்கிறது. குழாய் முனையிலும் அதே மாதிரி ஒரு சொட்டு நின்றது.

வேலையில் ஒரு கட்டைவிரல், வீட்டில் வேறு கட்டைவிரல் என்று வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. மறுநாள் முதல் இடது கையில் துணி வைத்துக்கொண்டு கன்னைத் துடைத்தேன். மறந்து, துடைக்காமலே அழுத்தியதும் உண்டு. ஒரு வெள்ளை பானெட்டில் சொட்டு தெறித்து, திரும்பத் தேய்க்க வேண்டியதாயிற்று. முதலாளி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னாண்ணே, கன்னு உங்களுக்கு மாமியாரா? எட்ட நின்னு மரியாதை பண்றீங்க" என்றான் கார் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற எங்கள் டிங்கர். அவனும் வேலூர்ப் பக்கம்தான். நான் சிரித்து வைத்தேன்.

ஐம்பதை நெருங்கும்போது புதிதாக ஒன்றைப் படிக்கப் போனால், தலைக்கு முன்னால் கைதான் மல்லுக்கு நிற்கிறது. அதைத் தனியாக அடக்க எனக்கு வரவில்லை. அடுத்த பயிற்சியில் சிஸ்டர் "புரிஞ்சதா?" என்றபோது, வந்த "ஹோ"வை விழுங்கிவிட்டு, "இல்லை, சிஸ்டர்" என்றேன். காது சுட்டது. தெரிந்த இந்தியில் ஸ்ப்ரே கன் கதையைச் சொன்னேன். அந்தச் சொட்டை என்ன செய்வது என்று கேட்டேன்.

"சொட்டால ஒண்ணும் ஆகாது, விரலாலதான் ஆகும். முனையைக் கீழே பார்க்கப் பிடிங்க, அதுவா விழும்" என்றார். பிறகு, "இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே, காகா" என்றார்.

வாரக் கடைசியில் அவர் டாக்டரிடம் சரி என்று சொன்னார்.

வீட்டில் முதல் முறை போட்டது அன்று சாயங்காலம். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கை கழுவி முடித்தேன். மனைவி கட்டிலில் படுத்திருந்தாள். மூடியைக் கழற்றினேன். சொட்டு நின்றது. முனையைக் கீழே திருப்பும் நேரத்தில் யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. கட்டைவிரல் அசைந்தது. முனையில் சொட்டு இல்லை.

தானாக விழுந்ததா, நான் வழித்தேனா?

கதவைத் தட்டியவர் போய்விட்டார். பார்த்தவர் யாருமில்லை. சொன்னால் சிஸ்டர் என்னை நம்ப மாட்டார், மெஷினுக்கே அனுப்பிவிடுவார். சொல்லாமல் பொருத்தினால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னாங்க, சத்தத்தையே காணோம்?"

"கை பட்டுச்சோன்னு இருக்கு."

"பட்டுதா, படலியா?"

"தெரியலை."

"என் வயிறுங்க இது. தெரியலன்னா பட்டதுன்னே வெச்சிக்கங்க" என்றாள்.

புது மூடி ஒன்றைப் பிரித்துப் போட்டு முனையை மூடினேன். போனில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிஸ்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"குழாயை அடைக்கிற கிளாம்ப் மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"நீர் உள்ளே விட்டீங்களா?"

"இல்லை."

"அப்படியே வாங்க."

ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றுக்கு வெளியே இருந்த குழாயைக் கழற்றி வேறு மாட்டினார், மருந்து கொடுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று சுவரோரம் நின்றிருந்தேன். அவர் புதுப் பையை என்னிடம் நீட்டினார். "போடுங்க, காகா. நான் பார்க்கிறேன்."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். முனையைக் கீழே சாய்த்தேன். சொட்டு கனத்து, நீண்டு, கீழே விரித்திருந்த துணியில் விழுந்தது. பொருத்தினேன். இந்த முறை சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இரண்டு நாள் வெளியே வரும் நீரைக் கவனிக்கச் சொன்னார். பையைச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், கலங்கினால் உடனே வர வேண்டும்.

அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு முறையும் பையைத் தாள்மேல் வைத்துக் குனிந்து பார்த்தேன். இரண்டாம் நாள் சாயங்காலமும் வைத்தேன். பக்கத்து வீட்டு மராத்தித் தாள். பஸ் போர்டைப் பார்த்துப் பழகியதில் நான் அதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது."

"சும்மா சொல்லாதீங்க. இன்னா போட்டிருக்குன்னு படிங்க."

மஞ்சள் நீருக்கு அடியில் விரல் வைக்காமல், கண்ணாலேயே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "வியாழக்கிழமை குழாய்த் தண்ணி வராதாம்."

"அப்ப புதங்கிழமையே டிரம்மை ரொப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் அடுத்த வேளைக்குக் கையைக் கழுவப் போனேன்.