நாளுக்கு ஒரு ஆட்டம்

என்னைப்போல் அவசரக்குடுக்கை ஒருவனைக் காண்பது அரிது. கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். போன சனிக்கிழமை பக்குரங்காவில் பழைய சாமான் விற்கும் ஒப் ஷொப்பில் பழைய புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் திறந்தபோது காய்ந்த பசை மணத்தது.

எண்பத்துமூன்றில், நாடு விட்டு இந்த ஊருக்கு வந்திருந்த எங்கள் வீட்டிலும் அதே மணம்தான். கலவரத்தில் கொழும்பு எரிந்து பல வாரங்களாகியும் அங்கிருந்த சித்தப்பாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பென்ரோஸ் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அப்பா டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்காருவார். அழமாட்டார். யாரோ வீட்டுப் பழைய சாமான்களை விற்ற கராஜ் சேலில் வாங்கிய ஒரு கொப்பியைத் திறப்பார். எழுபது வருடங்களுக்கு முந்திய அமெரிக்க பேஸ்பால் அணியொன்றின் ஆட்டங்களை யாரோ பத்திரிகையிலிருந்து வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த அப்பா நாளுக்கு ஒரு ஆட்டம் எனக்கு வாசிப்பார். அணி தோற்றுக்கொண்டேயிருந்தது.

"இனித்தான் வெல்லுவாங்கள். கடைசியைப் பாக்கப்படாது, தம்பி."

ஒன்பது வயதுப் புத்திசாலி நான், கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். "அப்பா, இவங்கள்தான் கடைசி இடத்தில வாறாங்கள்!"

அப்பா கொப்பியை மூடினார். பிறகு திறக்கவேயில்லை. சித்தப்பாவின் செய்தியும் வரவில்லை. அப்பாவுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையை நான்தான் கெடுத்தேன் என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் நின்றபடியே போன் எடுத்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கொப்பியை வாங்கின அண்டைக்கே நானும் கடைசியைப் பாத்திட்டன்" என்றார்.