காயப்போட்ட விறகு

சண்டைக்காலத்தில் மயிலாப்பூரில், கடலுக்குக் கிட்ட ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்குத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. புயல் வரப்போகிறது என்று தந்தி வந்தால் அது அவர் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும். அப்புறம் கொடிமரத்தில் கூண்டு ஏறும். அந்தக் கொடிமரம் இருந்ததோ வடக்கே, பட்டணத்தின் அந்தக் கோடியில். எங்கள் பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் கண்ணில் அது படவே படாது. முன்பெல்லாம் பேப்பரில் போடுவார்கள், தண்டோரா போடுவார்கள். சண்டை வந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுகூட எதிரிக்குத் தெரியக்கூடாதாம். கடலுக்குப் போகிறவனுக்கும் தெரியாமல் போகுமே என்று எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை.

இவர் ரொம்ப உத்தமர். ஆபீஸ் ரகசியம் வாயிலிருந்து வராது. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "வாசல்ல கிடக்கிற விறகை உள்ள எடுத்து வை" என்பார். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலைக் கண்டால் சவுக்கு விறகை வாசலில் பரப்பிவிடுவது எங்கள் சந்தில் எல்லோருக்கும் வழக்கம். வானம் பளிச்சென்று இருக்கும்போது எங்கள் வாசல் மட்டும் காலியாக இருந்தால் சந்துக்கே விஷயம் புரிந்துவிடும். எதிர்வீட்டு அம்மாள் துணிகளை எடுப்பாள். காலையில் எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவள் கூடையை இறக்காமலே குப்பத்துக்கு ஓடுவாள், புருஷனிடம் கட்டுமரத்தை மேட்டில் ஏற்றச் சொல்ல. எனக்கு இதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அடுத்த வீட்டு ரிடையர்டு ஆசாமிக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் டிராமில் எல்லார் காதிலும் விழும்படி, "சார், உங்க வீட்டு விறகு இருக்கும்போது கூண்டு எதுக்கு?" என்று சிரித்துத் தொலைத்தார். அதே டிராமில் ஆபீஸ்காரர் ஒருவரும் இருந்தாராம். இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "வேலை போயிடும். ஜெயில்லகூடப் போட்டுடுவான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, நல்ல வெயில். "விறகெல்லாம் வெளிய போடு. கொல்லையில இருக்கிறதையும் போடு" என்றார். குடித்த டம்ளரை நகர்த்தாத மனுஷன், தானே ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

மீன்காரி வந்தாள். "இன்னாம்மா, இம்மாம் வெறகு காயுது?"

"அவர்தான் போடச் சொன்னார். கொல்லையில இருந்ததைக்கூட விடல."

"அப்ப கடலு சும்மாதான் கீது. நேத்து அலையே ஒரு மாதிரி இருந்திச்சும்மா. போவாத போவாதன்னு எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிகினு இருந்தேன். இனிமே பயமில்ல."

உள்ளே திரும்பிப் பார்த்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது. ரேஷன் அரிசி ஆயிற்றே, கல் கடித்துவிட்டதோ என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று எழுந்து கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன் கட்டுமரங்கள் போயின. பொழுது விடிந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. தென்னை மட்டை பறந்தது, வாசலில் முழங்கால் தண்ணீர். விறகை அள்ள ஓடினேன். "விடு, கிடக்கட்டும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வாயாலயே சொல்ல வெச்சீங்களே!" என்று கத்தினேன். அழுகைகூட வரவில்லை. கூசியது. அவருக்குச் சோறு போட்ட கையை, அவளிடம் பேசிய நாக்கை, எல்லாவற்றையும் நினைத்துக் கூசியது. இவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, பயந்தவர். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது.

மீன்காரியின் புருஷன் திரும்பவில்லை.

குப்பத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவளே வந்தாள், வெறும் நெற்றியோடு, தலையில் கூடையோடு. பூசணம் பிடித்த விறகை அப்போதுதான் வெயிலில் போட்டிருந்தேன். பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டுக் குந்திக்கொண்டாள்.

"அய்ய, அத்தினியும் நனஞ்சி பூட்ச்சே! ஐயாவுக்கே சொல்லாம மறச்சிட்டானுங்களா, பாவிங்க" என்று ஒவ்வொரு கட்டையாகப் புரட்டிப் போட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். இவர் உள்ளே ஜன்னலோரம்தான் இருந்தார்.

"அடுத்த தபா ஐயாவுக்குத் தெரிஞ்சா சுருக்கா எடுத்து வெச்சிடும்மா" என்றாள். "இப்ப எம் புள்ளதான் கடலுக்குப் போவுது."

நிமிராமலே தலையாட்டினேன். உள்ளே இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.