மஞ்சள் கயிறும் அசையாத தண்ணீரும்

“டாக்டர், பரமேஸ் அக்கா போயிட்டாங்க.”

போன வெள்ளிக்கிழமை மேரு என்ற ஊரிலிருந்து தொலைபேசியில் இதைச் சொன்னவர் அஞ்சலை. கன்னத்தில் அறுவை செய்துகொண்டவர், பேச்சு கொஞ்சம் குழறும். அன்று அழுகையும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் முறை சொன்ன பிறகே எனக்கு விளங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் பரமேஸ்வரியை, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் கோயிலில் பார்த்திருப்பீர்கள். எங்கள் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், எவரையும் அவசரப்படுத்தாத குரல். நான் வாய்ப் புற்றுநோய்க்குக் கத்தி பிடிப்பவன். எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

நம் நகரில் இரட்டைக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அஞ்சலையின் கன்னத்தில் இருந்த புற்று, கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டதா என்பதே கேள்வி. பரவியிருந்தால் கழுத்தையும் திறந்தாக வேண்டும். திறக்காமல் விட்டால் ஆள் தங்கமாட்டார். வழக்கமான ஸ்கேனில் எந்தக் கணுவும் வீங்கியிருக்கவில்லை. கன்னம் மட்டும் போதும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

பரமேஸ் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. பக்கவாத நோயாளியின் மூளையில் தண்ணீரின் அசைவைப் படமெடுக்கும் முறை ஒன்று அப்போது வந்திருந்தது. அதைக் கழுத்துக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விட்டாலும் எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கிவிடும். அதனால் வாரக்கணக்கில், வேலை முடிந்ததும் ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் தானே படுத்து, தன் கழுத்தையே படமெடுக்கச் செய்தார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

“புற்று நெருக்கிக்கொண்டு நிண்டால் உள்ளுக்குத் தண்ணி அசையாது, டொக்டர். தீபாவளிக்கு முதல் நாள் எங்கட ரோட்டுச் சன நெரிசலிலை நடந்து பாருங்கோ, விளங்கும்.”

நான் சிரித்தேன். படம் எடுப்பது உங்கள் வேலை, பார்ப்பது எங்கள் வேலை என்றும் சொல்லிவைத்தேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அஞ்சலையின் முதல் படத்தில் கழுத்து இருந்த இடத்தில் ஒரு பெரிய கருங்குழிதான் இருந்தது. இயந்திரம் பழுது என்று எல்லோரும் கைவிரித்தார்கள். அக்கா மட்டும் உள்ளே போய் அஞ்சலையின் தோளைத் தொட்டார். கவுனுக்குள் தாலிக்கொடி, அதில் மூன்று இரும்பு ஊக்குகள்! அந்தக் காந்த இயந்திரத்துக்குள் இரும்பு போனால் படத்தில் இப்படித்தான் குழி விழும். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது இதை மட்டும் ஒளித்துவிட்டார் அந்த அம்மாள். லோரி ஓட்டும் கணவருக்கு நெஞ்சுவலி. தாலி இறங்கினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்.

அக்கா கடிந்துகொள்ளவில்லை. “உங்கட அவர் வெளியிலை இருக்கிறாரோ?” என்று மட்டும் கேட்டார். தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே மஞ்சள் கிழங்கும் நூற்கயிறும். கணவரை வாசலுக்கு அழைத்து, மஞ்சள் கயிற்றைக் கட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகே பொன்னை இறக்கச் சொன்னார். உலகத்துக்கே புதிதான ஒரு வித்தையைக் கையில் வைத்திருந்தவர், அதற்கு முன் ஒரு பெண்ணின் பயத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தார்.

மறுபடி எடுத்த படத்தை அவரே என் அறைக்குக் கொண்டுவந்தார். பச்சைப்பயறு அளவில் ஒரு கணு.

“நிச்சயம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் இதுக்குள்ள தண்ணி அசையேல்லை. இதை விட்டுட்டு மூடிப்போடாதேங்கோ, டொக்டர்.”

கழுத்தையும் திறந்தேன். பரிசோதனை முடிவு வந்தது. அந்தப் பயறுக்குள் புற்று இருந்தது. தாளைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, அஞ்சலை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நீங்கள் சொன்னதே சரி என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். இதோ, உங்கள் முன்னால் சொல்கிறேன்: அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை.

அக்கா ஓய்வுபெற்றபோது விட்டுப்போன அந்த டின் இப்போது என் மேசையில் இருக்கிறது. நேற்று ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து ஒரு பெண் வந்தார். ஸ்கேன் என்றதும் அவர் கை கழுத்துக்குப் போனது. கழற்றுங்கள் என்று சொல்ல நான் வாயெடுக்கவில்லை. டின்னைத் திறந்துகொண்டே கேட்டேன்:

“உங்க வீட்டுக்காரர் வெளியில இருக்காராம்மா?”